செட்டிநாட்டு வீட்டுப் பொருள்கள்

ஒரு நாட்டின் வரலாற்றை அறிவதற்குக் கல்வெட்டும் செப்பேடும் பழங்காசும் துணைபுரிகின்றன என்பதை யாவரும் அறிவர். நாள்தோறும் நாம் கையாளும் கட்டிலும், விளக்கும், பெட்டியும், பாயும் வரலாற்றுச் சான்றுகளே என்பதை மட்டும் நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. அரசன் இட்ட ஆணையைக் கல்வெட்டுச் சொல்லும். அவ்வரசன் காலத்துக் குடிமகன் எதன்மேல் அமர்ந்தான், எந்த விளக்கின் ஒளியில் உண்டான், எதனை விரும்பி வாங்கி வீட்டில் வைத்தான் என்பவற்றை வீட்டுப் பொருள்களே நமக்குச் சொல்ல வேண்டும்.

நல்ல வேலைப்பாடுள்ள பொருளைத் தேடி வீட்டில் வைக்கும் விருப்பம் தமிழர்க்குப் புதியதன்று. பத்துப்பாட்டுள் ஒன்றாகிய நெடுநல்வாடையில் நக்கீரர் பாண்டிமாதேவியின் கட்டிலை விரிவாகக் காட்டுகிறார். நாற்பது ஆண்டு நிரம்பிப் போரில் வீழ்ந்த யானையின் தந்தத்தைக் கொண்டு, கைதேர்ந்த தச்சன் செய்த கட்டில் அது. அதே அரண்மனையில் யவனர் செய்த பாவையொன்று கையில் அகல் ஏந்தி நிற்கிறது. அவ்வகல் நிறைய நெய் வார்த்துத் திரியிட்டு எரிக்கின்றனர். கட்டில் உள்நாட்டுத் தச்சனுடையது; விளக்கோ கடல் கடந்து வந்தது. இரண்டும் ஒரே மாளிகையில் முரணின்றி இருந்தன. தன் நாட்டுக் கைத்திறனையும் பிறநாட்டுக் கைத்திறனையும் ஓரிடத்தில் வைத்து மகிழும் இப்பண்பு, ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகளுக்குப் பின் தமிழ்நாட்டின் ஒரு வறண்ட பகுதியில் மிகப் பெரிய அளவில் மீண்டும் தோன்றியது. அப்பகுதியே செட்டிநாடு. அந்நாட்டு வீடுகளில் இருந்த பொருள்கள் எங்கிருந்து வந்தன, எவ்வாறு நிலைபெற்றன, இன்று எங்கே போய்க்கொண்டிருக்கின்றன என்பவற்றை இப்பொழிவில் காண்போம்.

இன்றைய சிவகங்கை, புதுக்கோட்டை மாவட்டங்களில் பரந்துள்ள நிலப்பகுதியே செட்டிநாடு ஆகும். பேராறு எதுவும் இங்கே பாய்வதில்லை. மழைநீரை ஏரிகளிலும் ஊருணிகளிலும் தேக்கி வாழும் செம்மண் நாடு இது. இங்கு வாழும் நகரத்தார், இளையாற்றங்குடி, மாற்றூர், வைரவன்பட்டி, நேமம், இலுப்பைக்குடி, சூரக்குடி, வேலங்குடி, இரணியூர், பிள்ளையார்பட்டி என்னும் ஒன்பது கோயில்களைச் சார்ந்தவர்களாகத் தம்மைப் பகுத்துக்கொண்டவர்கள். தொடக்கத்தில் 96 ஊர்களில் இவர்கள் வாழ்ந்தனர் என்பது மரபு. இன்று எஞ்சியிருப்பவை எழுபதுக்கு மேற்பட்ட ஊர்களே. வானம் பார்த்த இந்நாட்டில் விளைச்சலை நம்பிப் பெருஞ்செல்வம் சேர்க்க இயலாது. ஆகவே இவர்கள் கடல் கடந்து சென்று பொருள் ஈட்டினர். இலங்கை, மலேயா, இந்தோசீனம் ஆகிய நாடுகளிலும், எல்லாவற்றினும் மிகுதியாகப் பர்மாவிலும் இவர்களுடைய வட்டிக்கடைகள் அமைந்தன.

1852ஆம் ஆண்டுப் போரின் விளைவாகக் கீழ்ப்பர்மா முழுவதும் ஆங்கிலேயர் வசமாயிற்று. 1869ஆம் ஆண்டில் சூயசுக் கால்வாய் திறக்கப்பட்டது. பர்மா அரிசிக்கு ஐரோப்பிய வாணிகம் வழிவிட்டதால் ஐராவதி ஆற்றின் கழிமுகத்துக் காடுகள் வெட்டப்பட்டு நெல்வயல்களாயின. காடு திருத்தும் உழவனுக்கு மாடு வாங்கவும், கூலி கொடுக்கவும், அறுவடை வரை உண்ணவும் பணம் வேண்டும். அயல்நாட்டுப் பெரு வங்கிகள் அவனை நாடிச் செல்லவில்லை; செட்டிநாட்டார் சென்றனர். அங்கே ஈட்டிய பொருள் மனைகளாகச் செட்டிநாட்டு மண்ணில் எழுந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து இரண்டாம் உலகப்போர் வரையுள்ள காலமே இவ்வீடுகள் பெரும்பாலும் எழுந்த காலமாகும்.

இவ்வீடுகளின் அமைப்பைச் சிறிது காண்போம். ஒரு தெருவில் தலைவாயிலும் அடுத்த தெருவில் பின்வாயிலுமாக வீடு நீண்டு கிடக்கும். முன்னே முகப்பும் திண்ணையும் அமையும். ஆடவர் வாணிகம் பேசும் இடமும், விருந்தினர் அமரும் கூடமும் முகப்பைச் சார்ந்தவை. அதனைக் கடந்தால் வளவு வரும். நடுவே வானம் தெரியும் முற்றமும், முற்றத்தைச் சுற்றித் தூண் நிறுத்திய தாழ்வாரமும், தாழ்வாரத்தை ஒட்டி வரிசையாக அறைகளும் அமைந்த பகுதியே வளவு. அதற்கும் அப்பால் உணவுக் கூடம், அடுப்படி, கிணற்றடி என்று கட்டுகள் தொடரும். திருமணமான ஒவ்வொரு மகனுக்கும் வளவில் ஓர் அறை உரியது. ஒரே கூரையின் கீழ் வாழ்ந்தாலும் ஒவ்வொரு குடும்பத்துக்கும் அடுப்பும் கணக்கும் தனித்தனி. இம்முறையை 'வேறு வைத்தல்' என்பர். பின்னால் நான் கூறவிருக்கும் செய்திகளுக்கு இஃது அடிப்படையாதலின் நேயர்கள் இதனை நினைவிற் கொள்வார்களாக.

வீட்டினுள் நுழைபவரை முதலில் எதிர்கொள்வது தலைவாயிற் கதவு. ஒன்றனுள் ஒன்றாக அடுக்கிய நிலைகளும், நிலையின் உச்சியில் யானைகள் நீர் சொரிய அமர்ந்த திருமகளும், இருமருங்கும் யாளியும் கிளியும் கொடியுமாகச் செதுக்கிய கதவு அது. கதவும் தூணும் உத்தரமும் பெரும்பாலும் பர்மாத் தேக்கு. தேக்கு என்னும் சொல்லுக்கும் ஒரு வரலாறு உண்டு. மலையாளத்திலும் தமிழிலும் வழங்கும் இச்சொல்லைப் போர்ச்சுக்கீசியர் 'தேக்கா' என்று எடுத்துக்கொண்டனர். அவர்களிடமிருந்து ஆங்கிலேயர் பெற்று 'டீக்' என்றனர். பெயர் நம்முடையது, ஆனால் செட்டிநாட்டார் வேண்டிய அளவு மரம் பர்மாக் காடுகளிலேயே கிடைத்தது.

அம்மரம் வந்த வழி வியப்பூட்டுவது. பச்சைத் தேக்கு நீரில் மிதவாது, மூழ்கிவிடும். ஆகவே காட்டில் தேர்ந்தெடுத்த மரத்தின் அடியில் பட்டையையும் அதன் உள்ளே உள்ள வெள்ளை மரத்தையும் வளையமாக வெட்டிவிடுவர். மரம் நின்றபடியே உயிரிழந்து இரண்டு மூன்று ஆண்டுகள் காயும். காய்ந்தபின் வெட்டி வீழ்த்துவர். யானைகள் அதனை ஓடைக்கு இழுத்து வரும். மழைக்காலத்தில் ஓடை பெருகும்போது மரம் மிதந்து ஆற்றை அடையும். ஆற்றில் மரங்களைத் தெப்பமாகக் கட்டி இரங்கூன், மோல்மேன் நகரங்களின் மர அறுவை ஆலைகளுக்குக் கொண்டுவருவர். காட்டில் வளையம் வெட்டிய நாள் முதல் ஆலையை அடையும் நாள் வரை பல ஆண்டுகள் கழிவது இயல்பு. பின்பு கப்பலேறி வங்கக் கடலைக் கடந்து, கரையிலிருந்து மாட்டு வண்டியேறிச் செட்டிநாட்டை அடைய வேண்டும். ஒரு தூணைக் காணும்போது அதன் பின்னே நிற்கும் இத்தனை உழைப்பையும் நாம் எண்ணிப்பார்த்தல் வேண்டும்.

இத்தேக்குக்காக ஒரு போரும் மூண்டது. பம்பாய் பர்மா வாணிகக் கழகம் என்னும் ஆங்கில நிறுவனம் தான் வெட்டிய மரங்களுக்கு உரிய வரியைச் செலுத்தவில்லை என்று 1885ஆம் ஆண்டில் மாந்தலை அரசு பெருந்தண்டம் விதித்தது. அதனையே காரணமாகக் காட்டி ஆங்கிலேயர் படையெடுத்தனர். மன்னர் தீபா நாடிழந்தார். 1886ஆம் ஆண்டு சனவரி முதல் நாள் மேல்பர்மாவும் ஆங்கில ஆட்சியுடன் இணைக்கப்பட்டதாக அறிவிக்கப்பட்டது. நம் வீட்டுத் தூண் ஒன்றுக்கும் ஓர் அரசின் வீழ்ச்சிக்கும் இடையே இத்தகைய தொடர்பு உண்டு.

மரத்தை அடுத்துச் சுவரைக் காண்போம். செட்டிநாட்டுச் சுவர்கள் பளிங்குபோல் வழவழப்பானவை. சுண்ணாம்பை நன்கு புளிக்கவைத்து, மணலுடன் அரைத்து, கடுக்காய் நீரும் வெல்ல நீரும் சேர்த்துப் பல படலங்களாகப் பூசினர். இறுதிப் படலத்தில் நொய்ய சுண்ணாம்புடன் முட்டையின் வெண்கருவைக் கலந்து, கல்லால் தேய்த்து மெருகேற்றினர். நூறாண்டு கடந்தும் இச்சுவர்கள் ஈரத்துணியால் துடைத்த அளவில் ஒளிர்வதைக் காணலாம். வெள்ளையடிக்கும் தேவையே இவற்றுக்கு இல்லை.

தரையில் பதித்தவை பல. இத்தாலியப் பளிங்கும் அயல்நாட்டுப் பூவேலைத் தளக்கற்களும் கப்பல் கப்பலாக வந்தன. ஆனால் இந்நாட்டுக்கே உரியதாய் இன்று வரை உயிருடன் விளங்குவது ஆத்தங்குடிக் கல். சிமெண்டால் பூவேலைத் தளக்கல் செய்யும் முறை பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஐரோப்பாவில் தோன்றியது. அங்கே அழுத்தப் பொறியால் கல்லை இறுக்குவர். ஆத்தங்குடித் தொழிலாளர் பொறியை நாடவில்லை. சமதளமான கண்ணாடிப் பலகையின்மேல் உலோகச் சட்டத்தை வைப்பர். அதனுள் பூ வடிவில் அமைந்த அச்சை வைத்து, ஒவ்வோர் அறையிலும் வண்ணம் கலந்த சிமெண்டுக் குழம்பைக் கரண்டியால் வார்ப்பர். அச்சை மெல்ல எடுத்துவிட்டு, உலர்ந்த சிமெண்டும் மணலும் கலந்து தூவுவர். அதன்மேல் ஈரக்கலவையை இட்டுக் கையால் சமன் செய்வர். இறுகியபின் தொட்டி நீரில் பல நாள் கிடத்துவர். கண்ணாடியைப் பிரித்தெடுத்தால் அக்கண்ணாடியின் மெருகு கல்லின் முகத்தில் படிந்திருக்கும். இக்கல்லைச் சூளையில் சுடுவதில்லை. பதித்த பின்னர், நடப்போர் காலடியும் துடைப்போர் கையும் படப்பட இதன் ஒளி மிகும். ஆளில்லாத வீட்டில் இக்கல் மங்கிவிடும். வீட்டுப் பொருள் வீட்டாரின் வாழ்வால் அழகு பெறுகிறது என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

இனி, வீட்டினுள் வைத்த பொருள்களைக் காண்போம். பெல்ஜிய நாட்டு நிலைக்கண்ணாடிகள், கொத்துச் சரவிளக்குகள், ஆங்கில நாட்டு இரும்புத் தூண்கள், வண்ணப் பூச்சிட்ட இரும்புக் கலங்கள், பர்மாவின் அரக்குப் பெட்டிகள், இரவிவர்மாவின் ஓவியங்களை அச்சிட்ட படங்கள், பொன்தாள் ஒட்டிய தஞ்சாவூர் ஓவியங்கள் ஆகிய யாவும் ஒரே கூடத்தில் காணப்படும். இவற்றைக் கண்ட சிலர், இது செல்வச் செருக்கின் கலவையே அன்றிக் கலைச்சுவை அன்று என்பர். அவ்வாறு கூறுதல் பொருந்தாது. பொருள் எங்கிருந்து வந்தாலும், அது நின்ற இடமும் பெற்ற பணியும் இவ்வீட்டார் வகுத்தவை. பெல்ஜியக் கண்ணாடியின் சட்டத்தைத் தமிழ்த் தச்சன் செதுக்கினான். வெளிநாட்டு இரும்புத் தூண் உள்முற்றத்தின் தாழ்வாரத்தைத் தாங்கியது. இரவிவர்மாவின் திருமகள் படத்துக்குப் பெண்டிர் மணியும் சரிகையும் தைத்துப் புடைவை உடுத்தினர். யவனப் பாவையின் கையில் அகல் ஏற்றிய பாண்டிநாட்டு மரபையே இங்கும் காண்கிறோம்.

இவற்றினும் நெருக்கமாக வாழ்வோடு பிணைந்தவை பெண்ணுக்குச் சீராகக் கொடுத்த பொருள்கள். மகளின் திருமணத்தின்போது, அவள் தனிக்குடித்தனம் நடத்துவதற்கு வேண்டியன யாவற்றையும் பெற்றோர் சீராகக் கொடுப்பர். பித்தளை, வெண்கலம், செம்பு, மரம், கல், ஓலை, பீங்கான் என்று வகை வகையாகச் சாமான்களைப் பரப்பி வைத்து உறவினர்க்குக் காட்டுவது வழக்கம். நெல் அளக்கும் படி முதல் குழந்தைக்குப் பால் புகட்டும் சங்கு வரை அவற்றுள் அடங்கும். அரக்குப் பூசிய மரவைகளும், பனையோலையில் வண்ணமிட்டு முடைந்த கொட்டான்களும் அவ்வரிசையில் தவறாது இடம்பெறும். இப்பொருள்கள் அப்பெண்ணுக்கே உரியவை. வளவில் அவள் குடும்பத்துக்கு உரிய அறையில் அவற்றைப் பூட்டி வைப்பாள். தன் மகளுக்கு அவற்றிலிருந்து எடுத்துக் கொடுப்பாள். பாத்திரங்களின் விளிம்பில் உரியவர் பெயரின் முதலெழுத்துகளைப் பொறித்தனர். அவ்வெழுத்து வரிசையை விலாசம் என்பர். வணிகர் ஏட்டில் ஒருவரைக் குறித்த விலாசமே அடுப்படியில் ஒரு பெண்ணின் உடைமையையும் குறித்தது. பல குடும்பங்கள் ஒரே வீட்டில் அடுத்தடுத்துச் சமைத்த நிலையில் இந்த எழுத்து மிகவும் இன்றியமையாதது என்பது சொல்லாமலே விளங்கும்.

இவ்வளவு சிறப்பும் நிலைத்து நிற்கவில்லை. 1929ஆம் ஆண்டின் இறுதியில் உலகெங்கும் தொடங்கிய பொருளாதார வீழ்ச்சி அரிசி விலையைச் சரித்தது. கடன் வாங்கிய பர்மிய உழவரால் வட்டியையும் செலுத்த இயலவில்லை. ஈடு வைத்த நிலம் கடன் கொடுத்தவரிடம் வந்தது. கீழ்ப்பர்மாவில் நெல் விளையும் 13 மாவட்டங்களில் 1930ஆம் ஆண்டில் நூற்றுக்கு 6 பங்கு நிலமே செட்டியார்களிடம் இருந்தது. 1938ஆம் ஆண்டிலோ அது நூற்றுக்கு 25 பங்காயிற்று. பணத்தை நிலமாக மாற்றுவதை அவர்களும் விரும்பினாரல்லர். ஆனால் நிலமிழந்த உழவனின் துயரத்தை அவ்விருப்பமின்மை தணிக்கவில்லை. வரலாற்றை நேர்மையுடன் நோக்குவோர், செட்டிநாட்டுத் தூண்களின் அழகைப் போற்றும்போதே பர்மிய உழவனையும் மறத்தல் ஆகாது.

1941ஆம் ஆண்டு திசம்பர்த் திங்களில் இரங்கூன் நகரின்மேல் சப்பானியர் குண்டு வீசினர். 1942ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் அந்நகர் வீழ்ந்தது. இலட்சக்கணக்கான இந்தியர் கப்பலிலும் கால்நடையாகவும் தாயகம் திரும்பினர். காட்டு வழியில் மாண்டோர் பல்லாயிரவர். போர் முடிந்து 1948ஆம் ஆண்டில் பர்மா விடுதலை பெற்றது. அவ்வாண்டிலேயே நிலத்தை நாட்டுடைமையாக்கும் சட்டம் பிறந்தது. 1962ஆம் ஆண்டில் படையினர் ஆட்சியைக் கைப்பற்றிய பின்னர், வங்கிகளும் கடைகளும் அடுத்த இரண்டு ஆண்டுகளில் நாட்டுடைமையாயின. மூன்று தலைமுறையினர் ஈட்டிய செல்வத்தின் ஊற்றுக்கண் இவ்வாறு அடைபட்டது.

வீடுகள் மட்டும் நின்றன. ஆனால் அவற்றைத் தாங்குவார் யார்? முன்னர் நான் குறித்த பங்கு முறையை இங்கே நினைவுகூர வேண்டும். தாத்தாவுக்கு ஒரு வீடு. மக்களுக்கு வளவில் ஓர் அறை வீதம் பங்கு. பேரர்க்கு அவ்வறையிலும் பங்கு. நான்காம் தலைமுறையில் ஒரு வீட்டுக்குப் பலப்பல பங்காளிகள். அவர்களுள் ஒருவர் சென்னையில், ஒருவர் சிங்கப்பூரில், ஒருவர் அமெரிக்காவில் வாழ்கிறார். கூரையோடு ஒன்று உடைந்தால் மாற்றுவதற்கும் அனைவரும் ஒப்ப வேண்டும். மழை ஓட்டின் வழியே உத்தரத்தில் இறங்கும். உத்தரம் இற்றால் சுவர் சரியும். இவ்வாறு பழுதுற்ற வீட்டைப் பிரித்து விற்றுப் பங்கிட்டுக்கொள்வதே எளிய வழியாகப் பலருக்குத் தோன்றியது. தூண் தூணாக, கதவு கதவாக, பாத்திரம் பாத்திரமாக வீடுகள் பிரிந்தன.

பிரிந்த பொருள்கள் வந்து சேர்ந்த இடங்களுள் காரைக்குடி முனீசுவரன் கோயில் தெரு பெயர் பெற்றது. அங்கே பழம்பொருள் கடைகள் வரிசையாக உள்ளன. கதவு நிலைகள் சுவரோடு சாய்ந்து நிற்கும். தரையில் வெண்கலப் பானைகளும், அஞ்சறைப் பெட்டிகளும், பல்லாங்குழிகளும், சாய்வு நாற்காலிகளும், கடிகாரங்களும் குவிந்து கிடக்கும். சில ஆண்டுகளுக்கு முன் அத்தெருவில் ஒரு கடையில் நின்றுகொண்டிருந்தேன். நகரத்திலிருந்து வந்த ஒருவர் ஒரு பித்தளைத் தூக்கை விரும்பி எடுத்தார். அதன் விளிம்பில் மூன்று எழுத்துகள் பொறித்திருந்தன. “இந்த எழுத்துகளைத் தேய்த்து அழித்துக் கொடுத்தால் வாங்கிக்கொள்கிறேன்” என்றார் அவர். கடைக்காரர் முதியவர், அமைதியாக விடை சொன்னார்: “ஐயா, அழித்துக் கொடுப்பது எளிது. அழித்துவிட்டால் பித்தளை இருக்கும்; அந்த ஆச்சி இருக்கமாட்டார்கள்.” வந்தவர் தூக்கை வைத்துவிட்டுச் சென்றார். நான் அதனை வாங்கிக்கொண்டேன்.

அம்முதியவரின் விடை என் உள்ளத்தில் ஒரு வினாவை எழுப்பியது. பழைய வீட்டின் பொருளை வாங்குவது அதனைக் காப்பதா, அழிவுக்குத் துணைபோவதா? இருபக்கமும் நியாயம் உண்டு. வாங்குவார் இல்லையேல் அத்தூக்கு உருக்குலைக்குச் சென்றிருக்கும், அக்கதவு விறகாகியிருக்கும். சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் 1996ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட தட்சிணசித்திராவில் ஒரு செட்டிநாட்டு வீட்டைப் பிரித்துக் கொண்டுவந்து மீண்டும் எழுப்பியுள்ளனர். இடிபடவிருந்த வீடு அதனால் உயிர் பெற்றது. ஆனால், வாங்குவோர் பெருகப் பெருக, நின்றிருக்கும் வீட்டையும் பிரிக்கும் ஆசை பெருகும் என்பதும் உண்மையே. தூணின் விலை உயர்ந்தால், வீட்டைக் காப்பதைவிட விற்பதே ஊதியம் என்று தோன்றுமன்றோ?

ஆகவே இதற்கு ஒரு நடுநிலையான நெறி வேண்டும் என்பது என் கருத்து. பொருளை வாங்குவோர், அஃது எந்த ஊரைச் சார்ந்தது, எவ்வகை வீட்டிலிருந்து வந்தது, எதற்குப் பயன்பட்டது என்று கேட்டறிந்து எழுதி வைக்க வேண்டும். ஊர்ப்பெயர் இழந்த பொருள், பக்கம் கிழிந்த ஏட்டுக்கு ஒப்பாகும். சட்டத்தையும் அறிந்திருத்தல் நன்று. 1972ஆம் ஆண்டின் தொல்பொருள், கலைக்கருவூலச் சட்டத்தின்படி, நூறாண்டு பழமையுடைய கலைப்பொருள்கள் தொல்பொருள்களாகக் கருதப்படுகின்றன. தனியார் அவற்றை நாட்டுக்கு வெளியே கொண்டு செல்லல் குற்றமாகும். கோயிலைச் சார்ந்த திருமேனிகளையும் சிற்பங்களையும் வீட்டு அணிக்காக வாங்குதல் எவ்வாற்றானும் தகாது.

பழமையென்று சொல்லி விற்பன யாவும் பழமையானவை அல்ல. புதிய மரத்தில் கரிய வண்ணம் பூசிப் பழையதாகக் காட்டுவோரும் உளர். நல்ல வேலையை அறிவதற்குச் சில அடையாளங்கள் உண்டு. பழைய தச்சர் கழுந்தைத் துளையில் செருகி மர ஆணியால் இறுக்கினர். இரும்பு ஆணியை அவர்கள் அளவாகவே கையாண்டனர். கதவின் பின்புறத்தைத் தடவிப் பார்த்தால் இழைப்புளியின் தடம் கைக்குத் தென்படும். தேய்வு, கைபடும் இடத்தில்தான் இருக்கும். தாழ்ப்பாளின் அருகிலும் நாற்காலியின் கைப்பிடியிலும் மரம் வழவழத்திருக்கும். எங்கும் ஒரே அளவாகத் தேய்ந்திருந்தால் அத்தேய்வு செயற்கையானது என்று ஐயுறலாம்.

பழம்பொருளைத் தேடுவதினும் மேலான வழியொன்றும் உண்டு. அவ்வழகை உண்டாக்கிய கைகள் இன்னும் முற்றும் ஓய்ந்துவிடவில்லை. ஆத்தங்குடியில் இன்றும் கண்ணாடிப் பலகையின்மேல் வண்ணம் வார்க்கின்றனர். மறையும் நிலையிலிருந்த கொட்டான் முடையும் தொழில், இந்த நூற்றாண்டின் தொடக்கத்தை ஒட்டி அறக்கட்டளை ஒன்றின் முயற்சியால் சிற்றூர்ப் பெண்களிடையே மீண்டும் தழைத்தது. கும்பகோணத்தை அடுத்த நாச்சியார்கோயிலில் கன்னார், காவிரி வண்டல் மண்ணில் அச்சு எடுத்துப் பாதமும் தண்டும் தட்டும் அன்னமும் தனித்தனியே வார்த்து, கடைந்து, திருகிப் பொருத்திக் குத்துவிளக்கை உருவாக்குகின்றனர். தாமிரபரணிக் கரையிலுள்ள பத்தமடையில், கோரையை நீரில் ஊறவைத்து, நூலினும் சற்றே பருமனான இழைகளாகக் கீறி, பட்டினைப்போல் மடியும் பாயை நெய்கின்றனர். இவர்களிடம் ஒரு பொருளை வாங்குவோர் எந்த வீட்டையும் பிரிப்பதில்லை. ஒரு தொழிலை நிலைநிறுத்துகின்றனர். இப்பொருள்கள் விலை சற்று மிகுந்தவை என்று கூறுவோர், அவை எத்தனை ஆண்டு உழைக்கும் என்பதையும் கணக்கிட்டுப் பார்க்க வேண்டும்.

செட்டிநாட்டு ஊர்களைக் காக்கும் எண்ணமும் இன்று அரும்பியுள்ளது. 2014ஆம் ஆண்டில் இவ்வூர்த் தொகுதிகள் ஐக்கிய நாடுகளின் கல்வி, அறிவியல், பண்பாட்டுக் கழகத்தின் உலக மரபுச் செல்வத்துக்கான முன்பட்டியலில் இடம்பெற்றன. சில வீடுகள் விருந்தினர் தங்கும் இல்லங்களாக மாறிச் செப்பமுற்றுள்ளன. திருமணத்துக்கும் படைப்புக்கும் பங்காளிகள் ஒன்றுகூடும் நாள்களில், பூட்டிய வீடுகள் பலவும் திறக்கப்படுகின்றன. அந்நாள்களில் ஆத்தங்குடிக் கல் மீண்டும் காலடி பட்டு ஒளிர்கிறது.

நேயர்களே! ஒரு வீட்டுக்கு அழகு தருவன விலை உயர்ந்த பொருள்கள் அல்ல. இன்னார் செய்தார், இன்னார் ஆண்டார் என்று சொல்லத்தக்க பொருள்களே. அத்தகைய பொருள் ஒன்று உங்கள் இல்லத்திலும் இருக்கக்கூடும். பரண்மேல் கிடக்கும் பாட்டியின் அஞ்சறைப் பெட்டியாகவோ, மூலையில் நிற்கும் குத்துவிளக்காகவோ அஃது இருக்கலாம். கடைத்தெருவில் தேடுமுன் அதனை எடுத்துத் துடைத்து, அதன் வரலாற்றை வீட்டிலுள்ள முதியோரிடம் கேட்டு, பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். காரைக்குடியில் நான் வாங்கிய தூக்கு இன்று என் வீட்டில் இருக்கிறது. நாள்தோறும் அதில் மோர் ஊற்றி வைக்கிறோம். அம்மூன்று எழுத்துகளுக்கு உரிய ஆச்சி யார் என்பதை நான் அறியேன். எனினும், அது தம் தூக்கென்று சொல்லி அவர் வழியில் வந்தவர் யாரேனும் என்றாவது வந்து கேட்டால், எழுத்து அழியாத நிலையில் அதனை அவர்களிடம் கொடுப்பேன். அதுவரை அதனை நான் காத்து வருகிறேன் என்பதே பொருந்தும்.